டிகிரி முடித்தவர் எம்.பி.பி.எஸ். சேரலாமா?

வடசென்னையில் வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் பி.எஸ்சி. முடித்துவிட்டு லேபிலோ மருந்துக் கடையிலோ வேலை பார்க்கும் பலருக்கு இந்தக் கேள்வி உண்டு. பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியைத் தாண்டித்தான் தினமும் பஸ் போகிறது. இனிமேல் அதற்குள் மாணவராக நுழைய முடியுமா?

முடியும். ஆனால் பட்டதாரி என்பதற்காகத் தனி வாசல் எதுவும் கிடையாது. அமெரிக்காவில் முதலில் ஒரு பட்டம் வாங்கிவிட்டுத்தான் மருத்துவம் படிக்கப் போவார்கள். பிரிட்டனில் பட்டதாரிகளுக்கென்றே நான்கு ஆண்டுப் படிப்பு சில பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. இந்தியாவில் இரண்டும் இல்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு சேர்ந்து அதே நீட் எழுத வேண்டும், அதே நாலரை ஆண்டு படித்து, ஓராண்டு பயிற்சி மருத்துவராக வேலை பார்க்க வேண்டும். நர்சிங், பி.ஃபார்ம். படித்தவருக்கும் உடற்கூறியலில் முதல் பாடத்திலிருந்துதான் ஆரம்பம். 'டிகிரி கோட்டாவில் சீட்' என்று யாராவது பணம் கேட்டால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள், அப்படி ஒரு கோட்டாவே இல்லை.

வயது தடையில்லை. பொதுப்பிரிவுக்கு 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 30 என்று முன்பு இருந்த உச்சவரம்பை 2022-இல் எடுத்துவிட்டார்கள். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருந்தால் போதும். இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கணக்கும் இல்லை.

அப்புறம் எங்கே இடிக்கும்? பிளஸ் டூ மார்க் ஷீட்டில். இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது உயிரித் தொழில்நுட்பம்), ஆங்கிலம் படித்துத் தேறியிருக்க வேண்டும். பி.எஸ்சி. அடிப்படையிலும் நீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று விதியில் ஒரு பிரிவு இருப்பது உண்மைதான். பட்டப்படிப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியலில் குறைந்தது இரண்டு பாடங்கள் இருக்க வேண்டும் என்கிறது அது. ஆனால் அதே வரியில், பிளஸ் டூவிலும் அந்தப் பாடங்களோடு தேறியிருக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்துவிட்டு பி.எஸ்சி. வேதியியல் முடித்தவருக்கு அந்தப் பட்டம் கைகொடுக்காது. பயாலஜியோடு முதல் குரூப் படித்து, பிறகு பி.இ. முடித்து ஐ.டி. கம்பெனிக்குப் போனவரோ நேராக நீட் எழுதலாம்.

பயாலஜி விட்டுப்போனவர்களுக்கு 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு கதவைத் திறந்தது. பிளஸ் டூ தேறிய பிறகும் அங்கீகாரம் பெற்ற வாரியம் ஒன்றில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறிக்கொள்ளலாம்.

மார்க்கைப் பொறுத்தவரை, அறிவியல் பாடங்கள் மூன்றும் சேர்ந்து பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகளுக்கு 40 சதவீதம். அதாவது 300-க்கு 150 அல்லது 120. ஆங்கிலத்தில் தேறினால் போதும், அது இந்தக் கூட்டலில் வராது. தகுதி தாண்டிவிட்டால் ரேங்க் முழுக்க நீட்டின் 720 மார்க்கை வைத்துத்தான். கல்லூரியில் வாங்கிய தங்கப் பதக்கத்துக்குக்கூட அங்கே அரை மார்க் கிடையாது.

வடசென்னைக்காரர்கள் நின்று கவனிக்க வேண்டியது 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2020-இல் கொண்டுவந்த சட்டம் இது. மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாம் இதில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் உதவி பெறும் பள்ளிகள் நிறைய. ஒரே தெருவில், ஒரே வருமானத்தில், அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு இந்த ஒதுக்கீடு உண்டு, இன்னொருவருக்கு இல்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான். இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. நீட்டை மறுபடி எழுதுகிறவர்களும் இதில் வருகிறார்கள். அதனால் பட்டம் வாங்கியவர்கள் பழைய பள்ளிக்குப் போய், எந்த வகுப்பு எங்கே படித்தோம் என்பதற்கான சான்றிதழை முன்னதாகவே கேட்டு வாங்கி வைப்பது நல்லது.

சாதிச் சான்றிதழிலும் ஒரு சிக்கல் உண்டு. மாநிலத்தின் 85 சதவீத இடங்களுக்கு வழக்கமான பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் போதும். 15 சதவீத அகில இந்திய இடங்களுக்கு மத்திய அரசு வடிவத்தில், வருமான வரம்பு பார்த்துத் தருகிற ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது எது வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் அந்த நான்கு ஆண்டுப் படிப்பை முடித்துவிட்டு இங்கே வந்து டாக்டராகலாமா என்று கேட்பவர்களும் உண்டு. 2021 விதிப்படி, வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும், பயிற்சிக் காலம் தனி. நான்கு ஆண்டு என்பது 48 மாதம்தான். அதோடு, வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே தொழில் செய்ய நினைப்பவரும் போகும் முன்பே நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும்.