பியூஸ் போனால் நல்ல செய்தி

"ரிட்டயர் ஆயிட்டாரு, இனிமே பீஸ் போன பல்பு." "ரொம்பப் பேசின, பீஸைப் புடுங்கிடுவேன்." வடசென்னையில் ராயபுரம், காசிமேடு பக்கம் அன்றாடம் காதில் விழும் பேச்சு. குண்டு பல்பில் போவது பியூஸ் இல்லை, அறுந்துபோவது டங்ஸ்டன் இழை. அது போகட்டும். "பீஸ் போச்சு" என்றால் "உதவாமல் போச்சு" என்ற எண்ணம் மெயின் போர்டு வரைக்கும் வருவதுதான் வம்பு. அடிக்கடி போகிற பியூஸை மட்டமானது என்று நினைத்து, "போகவே போகாத" தடிக்கம்பியை மாட்டிவிடுகிறார்கள்.

ஆங்கிலத்தில் பியூஸ் என்பது ஒரே எழுத்தில் இரண்டு சொல். வெடியின் திரிக்கான பியூஸ், நூல் கதிரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சட்டென்று கோபப்படுகிறவரை 'பியூஸ் குட்டை' என்று ஆங்கிலேயர் சொல்வது இந்தத் திரியை வைத்துத்தான். மின்சார பியூஸோ 'உருகு' என்ற வினையில் பிறந்தது. நம் பாடப்புத்தகம் 'மின் உருகி' என்று சரியாகவே பெயர் வைத்திருக்கிறது. உருகுவதுதான் அதன் வேலை. போன பியூஸ் வேலையை முடித்த பியூஸ்.

பியூஸுக்கு வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி என்றால் 5 ஆம்பியருக்கு 0.2 மி.மீ., 15 ஆம்பியருக்கு 0.5 மி.மீ. தடிமன். கம்பி பியூஸ் தன் அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னோட்டம் வந்த பிறகே உருகும். கடையில் கேட்கும் 23/76 வயரில் 23 என்பது இழைகளின் எண்ணிக்கை, 76 என்பது 0.0076 அங்குலம், அதாவது 0.19 மி.மீ. ஆக ஒற்றை இழையே 5 ஆம்பியர் பியூஸுக்குச் சமம். நாலு இழையை முறுக்கிப் போட்டால் 30 ஆம்பியர் ஓடினாலும் அசையாது. லைட் லைனில் இருக்கும் 1 சதுர மி.மீ. வயர் அதற்குமுன் சுவருக்குள்ளேயே வெந்துவிடும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4 ஆம்பியருக்குச் சற்று மேல், 2000 வாட் கீசர் 9 ஆம்பியருக்குச் சற்றுக் கீழ். இரண்டையும் ஒரே 5 ஆம்பியர் லைனில் போட்டுவிட்டு பியூஸைத் திட்டக் கூடாது.

மாற்றும்போது மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்த்த பிறகே பியூஸ் கம்பி மாட்டிய பீங்கான் கட்டையைப் பிடுங்க வேண்டும். பழைய கம்பித் துண்டுகளை எடுத்து, கரியை உப்புத்தாளால் தேய்க்கவும். புதுக் கம்பியை ஸ்குரூ முறுக்கும் திசையிலேயே சுற்ற வேண்டும். இழுத்துக் கட்டினால் கம்பி மெலிந்து சீக்கிரம் அறும்; தொளதொளவென்று விட்டால் முனை சூடாகும். கடலோர வீடுகளில் உப்புக்காற்று பட்டுப் பித்தளை முனை பச்சை பூக்கும். லோடு குறைவாக இருந்தும் கட்டை சுட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். புது கம்பி போட்டதும் உடனே போனால் தடிமனைக் கூட்டாதீர்கள். எங்கோ ஷார்ட் இருக்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டையின் சில வீடுகளில் நியூட்ரலிலும் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) பியூஸ் கட்டை இருக்கும். அது போனால் விளக்கு அணையும், ஆனால் போர்டில் பேஸ் (கரண்ட் வரும் கம்பி) உயிரோடு இருக்கும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கைவைக்கிறவருக்குத்தான் அடி. நியூட்ரலில் பியூஸை எடுத்துவிட்டு நேர் இணைப்புக் கொடுப்பதே முறை. எலக்ட்ரீசியனை விட்டுச் செய்யுங்கள்.

ஷாக்கிலிருந்து பியூஸும் காப்பாற்றாது, அதன் இடத்தில் இப்போது மாட்டும் தானாக விழும் சுவிட்சான எம்சிபியும் காப்பாற்றாது. அதற்கு, கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி தனியாக வேண்டும். மழையில் வியாசர்பாடி, புளியந்தோப்புத் தெருக்களில் தண்ணீர் ஏறினால், மீட்டர் பெட்டி நனையும்முன் மெயினை அணையுங்கள். தெருவிலிருக்கும் பில்லர் பாக்ஸ் பியூஸ் போனால் கட்டையில் கைவைக்காமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லுங்கள்: 94987 94987.