ஒரே பிள்ளை, நான்கு பெற்றோர்: எழுதப்படாத செலவு

பிள்ளை ஒன்று போதும், செலவு குறையும் என்று நினைக்கிறோம். படிப்பு, கல்யாணம் வரைக்கும் அது சரி. அதற்கு அப்புறம்தான் கணக்கு மாறுகிறது.

என்னிடம் ஓய்வுக்கால நிதித் திட்டத்துக்கு வரும் தம்பதிகளில் கணவன், மனைவி இருவருமே வீட்டுக்கு ஒரே பிள்ளையாக இருப்பது இப்போது சாதாரணம். மாதச் செலவை எழுதச் சொன்னால் வீட்டுக்கடன் தவணை, பள்ளிக் கட்டணம், எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் பணம்) எல்லாம் வரிசையாக வரும். நான்கு பெற்றோரின் மருந்துச் செலவு அந்தத் தாளில் இருக்காது. கேட்டால், "அது அப்பப்ப வர்றதுதானே மேடம்" என்பார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை அப்பப்ப வாங்குவதில்லை, மாதம் தவறாமல் வாங்குகிறோம்.

முன்பு அண்ணன் ஆஸ்பத்திரிக்கு அலைவார், தம்பி பணம் கட்டுவார், தங்கை வந்து சமைத்துப் போடுவார். இப்போது மூன்றும் ஒருவர் தலையில். பெரும்பாலும் மகளோ மருமகளோ வேலையை விடுகிறார். அவருடைய சம்பளத்தோடு பிஎஃப் சேமிப்பும் அன்றே நின்றுவிடுகிறது. நாளை அவருக்கும் வயதாகுமே என்பதுதான் என் பெரிய கவலை.

இது ஏதோ சில வீட்டுக் கதை இல்லை. மக்கள்தொகை குறையாமல் இருக்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் வேண்டும். 2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் அது 1.4. அறுபதைத் தாண்டியவர்களின் பங்கு 2021இல் 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதமாகும் என்பது அரசுக் கணிப்பு. அரசு தரும் முதியோர் உதவித்தொகையோ மாதம் 1,200 ரூபாய். இங்கே ஆள் குறைந்தால் வெளியிலிருந்து வருவார்கள் என்றும் எப்போதும் நம்பியிருக்க முடியாது. திருப்பூரின் பனியன் கம்பெனிகள் வெளிமாநிலத் தொழிலாளர்களை நம்பி ஓடுகின்றன. அவர்களில் பலரின் சொந்த மாநிலங்களான ஒடிசா, மேற்கு வங்கத்திலும் பிறப்பு விகிதம் 2.1க்குக் கீழே போய்விட்டது.

பெற்றோருக்கு மருத்துவக் காப்பீட்டை அவர்கள் திடமாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுவரை காத்திருப்புக் காலம் இருக்கலாம்; அதுவரை அந்த நோய்க்கான செலவைக் காப்பீடு தராது. அம்மா பெயரில் தனியாகச் சேமிப்பு இருக்கட்டும். பெரும்பாலும் அப்பாவுக்குப் பிறகும் பல வருடம் வாழப்போவது அவர்தான்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறேன். ஒரே பிள்ளைதானே என்று இருக்கிற ஒரே வீட்டையும் செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிள்ளை பெயருக்கு மாற்றும் பத்திரம்) எழுதிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். எழுதியே ஆகவேண்டுமென்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். பராமரிக்காமல் விட்டால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.