எழுத்து தெரியும், வாசிக்க வராது

குடியாத்தம் பக்கம் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளுக்கு வீட்டருகே பாடம் சொல்லும் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கியபின் எங்கள் ஊரிலும் பெண்கள் சாயங்காலத்தில் திண்ணையில் பாய் விரித்துப் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். அவர்களில் சிலர் இன்றும் விடாமல் சொல்லிக்கொடுக்கிறார்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான்: "எழுத்தெல்லாம் தெரியுது டீச்சர், வார்த்தையா வாசிக்க வரமாட்டேங்குதே?"

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் 'பக்கம்' என்ற சொல்லைக் காட்டினேன். விரல் வைத்து, "ப... இக்... க... இம்" என்றான். "சேர்த்துச் சொல்லுப்பா" என்றதும் என் முகத்தைப் பார்த்தான். நான்கு எழுத்தும் சரிதான். ஆனால் அவன் வாயில் வந்த ஒலிகளை எப்படி ஒட்டினாலும் 'பக்கம்' வராது. 'இக்', 'இம்' என்பவை நாம் புள்ளி எழுத்துகளைச் சொல்ல வைத்துக்கொண்ட பெயர்கள். அவன் பெயரை வாசித்தான், ஒலியை வாசிக்கவில்லை.

'பக்' கீழே ஒரு கோடு, 'கம்' கீழே ஒரு கோடு போட்டேன். "புள்ளி வச்ச எழுத்து தனியா நிக்காதுப்பா. முன்னாடி இருக்கிற எழுத்தோட கையைப் பிடிச்சுக்கும்." உதடு இரண்டு தரம் அசைந்தது. பக்... கம். பக்கம்! அடுத்து 'பட்டம்', 'வட்டம்' இரண்டையும் நான் கோடு போடும் முன்பே படித்துவிட்டான்.

கொம்பும் இப்படித்தான் படுத்தும். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. முதலில் 'க'வைப் பார், பிறகு பக்கத்தில் என்ன இருக்கிறது பார் என்று பழக்குங்கள். நம் பேருந்துப் பலகைகளைவிட நல்ல பாடம் இல்லை: காட்-பா-டி, அ-ணைக்-கட்-டு, பள்-ளி-கொண்-டா. நிறுத்தத்தில் நிற்கும்போதே வாசிக்கச் சொல்லலாம்.

தன்னார்வலர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது, பிள்ளை திணறினால் உடனே சொல்லை எடுத்துக்கொடுக்காதீர்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். வராவிட்டால் முதல் துண்டை மட்டும் சொல்லுங்கள். கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளையிடம் வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். அதைச் சொல்லத் தெரியாவிட்டால் பாடம் மனப்பாடம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

நம் பக்கம் உருதும் தெலுங்கும் பேசுகிற வீடுகள் நிறைய. 'பூனை' என்று பிசகாமல் வாசித்த ஒரு பெண்ணுக்கு அது என்னவென்று தெரியவில்லை. படத்தைக் காட்டியதும் "பில்லி!" என்று சிரித்தாள். வீட்டுச் சொல்லைத் தடுக்க வேண்டாம், அதைப் பிடித்துக்கொண்டுதான் பொருள் உள்ளே வரும். புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோகிற பிள்ளையை மக்கு என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் கண்ணைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

பீடி சுற்றும் தாய் ஒருவர், "எனக்கே எழுத்து தெரியாது டீச்சர், நான் எப்படிச் சொல்லித்தர்றது?" என்று கலங்கினார். சொல்லித்தர வேண்டாம்மா, கேட்டால் போதும் என்றேன். இப்போது மடியில் முறத்தோடு அவர் இலை சுருட்ட, மகள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறாள். அவள் நடுவில் நிறுத்தினால் இவர் விடுவதில்லையாம். "அப்பறம் அந்தக் காக்கா இன்னா ஆச்சு?"