பாரிஷ் கவுன்சில் கணக்கைத் திறந்து பார்க்கும் 30 நாட்கள்

இங்கிலாந்தில் வசிப்பவரா? மார்ச் மாதம் வரும் கவுன்சில் டாக்ஸ் (வீடுகளுக்கான உள்ளாட்சி வரி) பில்லை எடுத்துப் பாருங்கள். கவுண்டி, மாவட்டம், போலீஸ், தீயணைப்பு என்ற வரிசைக்கு நடுவிலோ கீழேயோ உங்கள் ஊர்ப் பெயரோடு இன்னொரு தொகை இருக்கும். அது ஊர் அளவிலான கடைநிலை உள்ளாட்சியான பாரிஷ் கவுன்சிலின் பங்கு. 'பாரிஷ்' என்றதும் சர்ச் விவகாரம் என்று நினைத்துப் பலர் அதைக் கடந்துபோகிறார்கள். 1894ஆம் ஆண்டுச் சட்டமே ஊர் நிர்வாகத்தைச் சர்ச்சிடமிருந்து பிரித்துவிட்டது. இன்று இங்கிலாந்தில் ஏறக்குறைய 10,000 பாரிஷ், டவுன் கவுன்சில்கள் உள்ளன. விளையாட்டுத் திடல், ஊர்க் கூடம், இடுகாடு, பஸ் நிழற்குடை, வாடகைக் காய்கறித் தோட்டம் போன்றவை பெரும்பாலும் இவர்கள் கையில்தான்.

கணக்கு எளிது. வீடுகளை மதிப்புக்கேற்பப் பிரித்திருக்கும் வரிப் பிரிவுகளில் 'டி' பிரிவே அடிப்படை அளவு. கவுன்சிலுக்கு 24,000 பவுண்டு தேவை, ஊரில் 'டி' பிரிவுக்கு ஈடாக்கிய வீடுகள் 480 என்றால், அந்தப் பிரிவு வீட்டுக்கு 50 பவுண்டு. மேலே உள்ள கவுன்சில்கள் ஒரு வரம்புக்கு மேல் வரியை உயர்த்தினால் மக்கள் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். பாரிஷுக்கு அந்த வரம்பு விதிக்கப்படவில்லை. குளிர்கால இரவொன்றில் ஊர்க் கூடத்தில் நான்கைந்து பேர் கைதூக்கினால் தொகை முடிவாகிவிடும்.

"மேலே யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்பதுதான் இதில் பெரிய தப்புக் கணக்கு. ஆண்டு வரவும் செலவும் 25,000 பவுண்டைத் தாண்டாத கவுன்சில், விலக்குச் சான்றிதழ் ஒன்றில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டால் வெளித் தணிக்கையாளர் அதன் கணக்கைத் தொடுவதே இல்லை. அதற்கு மேல் உள்ளவற்றிலும் அவர் பார்ப்பது சில பக்கப் படிவம், வங்கிக் கணக்கும் கவுன்சில் கணக்கும் பொருந்துவதைக் காட்டும் தாள், சென்ற ஆண்டைவிட ஏற்ற இறக்கம் இருந்தால் அதற்கான விளக்கம், அவ்வளவுதான். பில்களைப் புரட்டுவது அவர் வேலை அல்ல. உள் தணிக்கையாளரை நியமிப்பது அந்தக் கவுன்சிலேதான். உள்ளாட்சிப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மனுக்கு எழுதினாலோ, பாரிஷ் கவுன்சில் தன் வரம்பில் வராது என்று பதில் வரும். ஆக, பில் கோப்பை வெளியாள் ஒருவர் திறந்து பார்க்கிறார் என்றால், அது நீங்களாகத்தான் இருக்க முடியும்.

2014ஆம் ஆண்டு உள்ளாட்சித் தணிக்கைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. மார்ச் 31இல் முடியும் கணக்கை ஜூன் 30க்குள் கவுன்சில் ஏற்க வேண்டும். பிறகு தொடர்ச்சியாக 30 வேலை நாட்கள் கணக்குப் புத்தகம், ஒப்பந்தம், பில், ரசீது எல்லாம் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும். எந்தத் தேதியில் தொடங்கினாலும் ஜூலையின் முதல் 10 வேலை நாட்கள் அதில் அடங்கியாக வேண்டும் என்பதால், எதுவும் தெரியாவிட்டாலும் ஜூலை முதல் வாரத்தைக் குறித்துவைத்தால் போதும். சரியான தேதிகள் அறிவிப்புப் பலகையிலும் இணையதளத்திலும் இருக்கும். இந்த அறிவிப்பிலேயே பல கவுன்சில்கள் தடுக்கி விழுகின்றன: கணக்கை ஏற்கும் முன்பே தேதி தொடங்கியிருக்கும், அல்லது நாட்களை எண்ணினால் 28தான் வரும். தணிக்கையாளர் குறிப்பெழுதக் காரணமாகும் தவறுகளில் இது அடிக்கடி வருவது.

பார்வையிட வரி கட்டுபவராக இருந்தால் போதும். பத்திரிகையாளருக்கும் உரிமை உண்டு. தணிக்கையாளரிடம் கேள்வி கேட்கவும் ஆட்சேபம் எழுப்பவும் மட்டும் அந்தப் பகுதி வாக்காளராக இருக்க வேண்டும். இங்கே நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் காமன்வெல்த் குடிமக்கள். செல்லுபடியாகும் விசாவில் இருந்தாலே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். பிரிட்டிஷ் குடியுரிமை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எப்படிக் கேட்பது? "எல்லாக் கணக்கையும் காட்டுங்கள்" என்று எழுதாதீர்கள். வாரத்துக்கு எட்டோ பத்தோ மணி நேரம் வேலை பார்க்கும் கிளார்க் (கவுன்சிலின் சம்பள அலுவலர்) அதைக் கண்டதும் ஒதுக்கிவைப்பார். முதலில் அந்த ஆண்டின் செலவுப் பட்டியலைக் கேளுங்கள். அதிலிருந்து ஏழெட்டுச் செலவுகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் நான்கு தாள் கேளுங்கள்: செலவை அனுமதித்த தீர்மானம், விலைப்புள்ளிகள், பில், பணம் போனதைக் காட்டும் வங்கிப் பக்கம். பூங்கா பெஞ்ச் ஒன்று 1,150 பவுண்டு, வாட் (மதிப்புக் கூட்டு வரி) 230, ஆக 1,380 என்று வைத்துக்கொள்வோம். தீர்மானத் தேதி பில் தேதிக்கு முன்பா பின்பா? பில் கவுன்சில் பெயரில் இருக்கிறதா, கவுன்சிலர் ஒருவர் பெயரிலா? அவர் சொந்தக் கார்டில் வாங்கிவிட்டுப் பிறகு பணம் பெற்றிருந்தால், பில் கவுன்சில் பெயரில் இல்லாமல் அந்த 230 பவுண்டு வாட்டைத் திரும்பப் பெறுவதில் சிக்கல் வரும். வாட் பதிவு இல்லாத பாரிஷ்கள் 126ஆம் எண் படிவத்தில் அதைக் கேட்டு வாங்கலாம். நான்கு ஆண்டு கடந்தால் அந்தப் பணம் போனதுதான். திருட்டால் மட்டுமல்ல, இப்படி மறதியாலும் பாரிஷ்கள் பணத்தை இழக்கலாம்.

தனி ஊழியரின் சம்பள விவரத்தையும் வணிக ரகசியத்தையும் மறைக்கச் சட்டம் இடம் தருகிறது. அதைக் காரணம் காட்டிப் புல்வெட்டும் ஒப்பந்தத்தையே மறைத்தால் ஏற்க வேண்டாம். நகல் எடுக்கக் கட்டணம் வாங்கலாம்; பார்வையிடக் கட்டணம் இல்லை.

பில்லுக்குப் போகும் முன் ஆண்டறிக்கைப் படிவத்தின் இரண்டாம் பகுதியைப் படியுங்கள். கிளார்க்குகள் 'ஏகார்' (AGAR) என்று சொல்லும் இந்தப் படிவம் எல்லாக் கவுன்சில்களின் இணையதளத்திலும் இருக்க வேண்டும். அதில் தொகைகளுக்குப் பத்துக் கட்டங்கள். முதல் கட்டம் சென்ற ஆண்டு மீதி, இரண்டாவது பாரிஷ் வரி, மூன்றாவது பிற வரவு, நான்காவது ஊழியர் செலவு, ஐந்தாவது கடன் தவணை, ஆறாவது மற்ற எல்லாச் செலவும், ஏழாவது கைமீதி. ஒரு மாதிரிக்கு: 47,000, 24,000, 2,600 மூன்றையும் கூட்டினால் 73,600. அதில் ஊழியருக்கு 9,400, கடன் இல்லை, பிற செலவு 12,200 போக மீதி 52,000. இப்போது ஏழாம் கட்டத்தை இரண்டாம் கட்டத்தோடு ஒப்பிடுங்கள். வரியைப்போல் இருமடங்குக்கு மேல் கையிருப்பு இருந்தால் கவுன்சில் விளக்கம் தர வேண்டும். இன்ன வேலைக்கு என்று ஒதுக்கிய பணம் போக, பொதுக் கையிருப்பு மூன்று மாதச் செலவுக்குக் குறையாமலும் பன்னிரண்டு மாதத்தைத் தாண்டாமலும் இருப்பது வழக்கமான அளவு. இங்கே ஒரு வருடச் செலவே 21,600. "விளையாட்டுத் திடலுக்கு 30,000 ஒதுக்கியிருக்கிறோம்" என்று பதில் வந்தால், ஒதுக்கிய தீர்மானம் எந்தக் கூட்டத்தில் என்று கேளுங்கள். தீர்மானம் இல்லாத ஒதுக்கீடு, கேள்வி வந்த பிறகு எழுதிய கதைதான்.

எட்டாம் கட்டம் வங்கியிலும் கையிலும் உள்ள பணம். ரொக்க முறையில் கணக்கெழுதும் சின்னக் கவுன்சிலில் ஏழும் எட்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் எங்கோ பிழை.

வங்கி என்றதும் இன்னொன்று. காசோலைக்கு இரண்டு கவுன்சிலர் கையெழுத்து என்ற சட்டக் கட்டாயம் 2014இல் நீக்கப்பட்டு, இப்போது பெரும்பாலும் இணைய வங்கிதான். கிளார்க் பதிவேற்ற, இரண்டு கவுன்சிலர்கள் ஒப்புதல் தருவது முறை. நடைமுறையிலோ சில இடங்களில் கவுன்சிலர்கள் சோம்பல்பட்டுத் தங்கள் பாஸ்வேர்டையும் கார்டு ரீடரையும் கிளார்க்கிடமே கொடுத்துவிடுகிறார்கள். மூன்று பூட்டுக்கும் ஒரே கையில் சாவி. நல்ல கிளார்க்குக்கும் இது ஆபத்து: நாளை பணம் குறைந்தால் சந்தேகம் அவர்மேல்தான் விழும்.

கூட்டங்களுக்கு வருவோம். மூன்று முழு நாள் முன்பாக நேரமும் இடமும் ஊரில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும். ஒட்டும் நாள், கூட்ட நாள், ஞாயிறு, வங்கி விடுமுறை எதுவும் கணக்கில் வராது. செவ்வாய்க் கூட்டத்துக்கு வியாழனே கடைசி. அழைப்பில் குறிப்பிடாத விஷயத்தில் முடிவெடுத்தால் அது சட்டப்படி செல்லாது. 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பின் கீழ் 800 பவுண்டு செலவுக்கு அனுமதி என்று பதிவேட்டில் பார்த்தால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தலைவரோ தனிக் கவுன்சிலரோ தாமாக எதையும் முடிவு செய்ய அதிகாரம் இல்லை. கவுன்சில், குழு, அதிகாரம் தரப்பட்ட அலுவலர் ஆகியோருக்கே அது உண்டு. "தலைவர் ஓகே சொல்லிவிட்டார்" என்பது அனுமதி ஆகாது.

கூட்டம் செல்லுமா என்றே உறுப்பினர்கள் சண்டையிட்ட ஹேண்ட்ஃபோர்த் பாரிஷ் கவுன்சிலின் ஜூம் கூட்ட வீடியோவை 2021 பிப்ரவரியில் பார்த்து உலகமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் விட்டுப்போன சட்டப் புள்ளி இதுதான்: இரண்டு உறுப்பினர்கள் எழுதிக் கேட்டும் ஏழு நாளில் தலைவர் சிறப்புக் கூட்டம் கூட்டாவிட்டால், அவர்களே கூட்டலாம்.

கூட்டத்தில் உட்காரவும் படம்பிடிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. படம்பிடிக்கும் உரிமையை 2014ஆம் ஆண்டு விதிகள் உறுதி செய்தன. வெளியேற்ற வேண்டுமானால் காரணம் சொல்லித் தீர்மானம் போட வேண்டும்.

இணையத்தில் என்ன வெளியிட வேண்டும் என்பதில் ஒரு விசித்திரமான ஓட்டை இருக்கிறது. 25,000 பவுண்டுக்கு உட்பட்ட கவுன்சில்கள் 100 பவுண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவையும், கூட்டம் முடிந்து ஒரு மாதத்துக்குள் வரைவுப் பதிவேட்டையும் போட்டாக வேண்டும். 200,000க்கு மேல் உள்ளவற்றுக்கு வேறொரு கட்டாய விதித்தொகுப்பு. நடுவில் இருப்பவைக்குப் 'பின்பற்றலாம்' என்ற அறிவுரை மட்டும்தான். அங்கே தகவல் உரிமைச் சட்டம் கைகொடுக்கும்: மின்னஞ்சலில் கேட்டால் 20 வேலை நாளில் பதில் வர வேண்டும். கவுன்சிலரின் சொந்த ஜிமெயிலில் இருந்தாலும் கவுன்சில் வேலை சம்பந்தப்பட்ட கடிதம் இந்தச் சட்டத்துக்குள் வரும்.

ஆட்சேபம் என்ற கடைசி ஆயுதத்தை யோசித்து எடுங்கள். அந்த 30 நாளுக்குள், எழுத்தில், கவுன்சிலுக்கு நகலோடு, எந்தச் செலவு ஏன் சட்டவிரோதம் என்றும் தணிக்கையாளர் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். அதை விசாரிக்கும் கட்டணம் பாரிஷ் தலையில்தான், அதாவது உங்கள் வரியில் விழும். கவுன்சிலர் நடத்தைமேல் புகார் என்றால் அது மாவட்டக் கவுன்சிலின் கண்காணிப்பு அலுவலருக்கு. அவரால் பதவியைப் பறிக்க முடியாது, கண்டிக்கச் சொல்லலாம். சொத்து, தொழில் நலனை மறைத்துவிட்டு வாக்களித்தால் மட்டும் விஷயம் வேறு, அது குற்றம். ஐந்து ஆண்டுவரை பதவித் தகுதி போகலாம்.

இதையெல்லாம் கேட்க மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் இடையே ஒரு மாலை இருக்கிறது: ஆண்டு ஊர்க் கூட்டம். மே மாதக் கவுன்சில் ஆண்டுக் கூட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். இது வாக்காளர்களின் கூட்டம். நீங்கள் பேசலாம், வாக்களிக்கலாம். ஆறு வாக்காளர்கள் சேர்ந்தால் வேறு நாளிலும் கூட்டலாம். கவுன்சிலில் இடம் காலியாகி அறிவிப்பு ஒட்டியிருந்தால், 14 வேலை நாட்களுக்குள் 10 வாக்காளர்கள் எழுதிக் கேட்டால் தேர்தல். கேட்காவிட்டால் இருப்பவர்களே தமக்குத் தெரிந்தவரைச் சேர்த்துக்கொள்வார்கள். கடிதம் போக வேண்டியது கிளார்க்குக்கு அல்ல, மாவட்டத் தேர்தல் அலுவலருக்கு.