‘ஸ்பிரிச்சுவல் கேர்’: சொல்லும் பொருளும்

ஸ்பிரிச்சுவல் கேர்: நாட்பட்ட நோயோடு வாழும் ஒருவரைத் தாங்கி நிற்பது எது, நோய் வந்தபின் அதில் எது ஆட்டம் கண்டது என்று அவரிடமே கேட்டறிந்து, அதற்கேற்ப உடனிருந்து துணை செய்வது. வழிபாடு இதில் ஒரு பகுதியாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஏற்ற தமிழ்ச்சொல் ‘ஆன்மநலம் பேணல்’. ‘ஆன்மிகச் சிகிச்சை’ என்று எழுதுவது பிழை மட்டுமன்று. நோயாளிக்கு ஊறும் செய்யக்கூடியது.

‘ஸ்பிரிட்’ என்பதன் வேர் லத்தீன் மொழியின் ‘ஸ்பிரிட்டுஸ்’. அதன் முதற்பொருள் மூச்சு. தமிழில் ‘உயிர்த்தல்’ என்றாலும் மூச்சுவிடுதல்தான். பெருமூச்சை ‘நெட்டுயிர்ப்பு’ என்கிறோம். ‘ஆன்மா’ வடமொழி ‘ஆத்மன்’ வழி வந்தது. அதன் அடியிலும் மூச்சு என்ற பொருளே இருப்பதாக மொழியியலார் பலர் கொள்வர். ஆக, மூன்று சொல்லும் தொடங்கிய இடம் ஒன்று. ஆனால் ‘ஆன்மிகம்’ இன்று வழிபாடு, விரதம், சொற்பொழிவு என்ற வட்டத்துக்குள் சுருங்கிவிட்டது. (‘ஆன்மீகம்’ என நெடில் போட்டு எழுதும் வழக்கம் பரவலாக இருந்தாலும் குறிலே சரி.) ‘கேர்’ பழைய ஆங்கிலத்தில் துயரம், கவலை என்று பொருள்பட்ட ‘காரு’ என்ற சொல்லின் வழித்தோன்றல். ஒருவர் கவலையில் பங்கெடுப்பது என்பதிலிருந்து அவரைப் பேணுவது என்ற பொருள் பின்னால் கிளைத்தது.

மருத்துவத்தில் இந்தத் தொடருக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஆங்கிலேய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை (வாழ்வின் இறுதிக்கட்ட நோயாளிகளைப் பேணும் இல்லம்) தொடங்கியவர். உடல்வலி, மனவலி, உறவும் பிழைப்பும் சார்ந்த வலி, வாழ்வின் பொருள் பற்றிய வலி ஆகிய நான்கும் பின்னிக்கிடப்பதை அவர் ‘முழுவலி’ என்ற கருத்தாக வைத்தார். ஒன்றைத் தொடாமல் விட்டால் மற்றவையும் தணியமாட்டா என்பதே அதன் சாரம். உலக சுகாதார நிறுவனம் 2002-இல் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கு (பாலியேட்டிவ் கேர்) தந்த வரையறையிலும் உடல், உளசமூகச் சிக்கல்களோடு ஆன்மிகச் சிக்கலும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது.

இனி, தமிழில் புழங்கும் பெயர்களைப் பார்க்கலாம். ‘ஆன்மிகச் சிகிச்சை’ என்றதும் நோயைக் குணமாக்கும் வேறொரு வைத்தியம் என்ற எண்ணம் எழுகிறது. மருந்தை நிறுத்திவிட்டு அதை நம்பிக் காத்திருக்கும் ஆபத்து அங்கேதான் முளைக்கிறது. ‘ஆன்மிக ஆலோசனை’ என்றால் ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்டுக்கொள்வது; இங்கே நடக்க வேண்டியது அதற்கு நேர்மாறு. ‘ஆன்மிகப் பராமரிப்பு’ ஓரளவு சரி. ஆனால் இயந்திரத்துக்கும் சாலைக்கும் பராமரிப்பு என்று சொல்லிப் பழகியதால் அதில் மனிதச் சூடு குறைகிறது. ‘பேணல்’ அப்படியன்று: காத்தல், மதித்தல், விரும்பிப் போற்றுதல் எல்லாம் அதில் அடங்கும். கவுன்சலிங் என்பதற்கு வழங்கும் ‘ஆற்றுப்படுத்தல்’ இதற்கு அண்டை வீட்டுச் சொல். ‘ஆறு’ என்றால் வழி. ‘ஆறுதல்’ என்றால் தணிதல். சூடும் ஆறும், புண்ணும் ஆறும், மனமும் ஆறும். பயிற்சி பெற்றவர் திட்டமிட்டு நடத்தும் அமர்வுகளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். ஆன்மநலம் பேணல் அதைவிட அகலமானது. செவிலியர் ஊசி போடும் இரண்டு நிமிடத்திலும் நடக்கக்கூடியது.

‘நாட்பட்ட நோய்’ என்பதும் ‘தீராத நோய்’ என்பதும் ஒன்றல்ல. ‘குரோனிக்’ கிரேக்கத்தில் காலத்தைக் குறிக்கும் ‘குரோனோஸ்’ என்பதிலிருந்து வந்தது. நோய் நெடுநாள் இருக்கும் என்பதே அதன் பொருள். ‘தீராத’ என்ற சொல்லை நோயாளியின் காதுபட உச்சரிக்காதீர்கள்.

எழுத்தில் எந்தப் பெயர் வைத்தாலும், நோயாளியிடம் பேசும்போது கலைச்சொல் எதுவும் வேண்டாம். “உங்களுக்கு ஆன்மிகம் உண்டா?” என்று கேட்டால் “நான் அவ்வளவா சாமி கும்பிடறதில்லை” என்பார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இன்னொரு கண்ணி ‘நம்பிக்கை’. கடவுள்மேல் உள்ள பற்று, பிழைப்போம் என்ற எதிர்பார்ப்பு, மருத்துவர்மேல் வைத்த உறுதி மூன்றையும் தமிழ் இந்த ஒரே சொல்லால் சொல்கிறது. “நம்பிக்கை இருக்கா?” என்று கேட்டவர் கடவுளைப் பற்றிக் கேட்டிருப்பார், கேட்கப்பட்டவரோ “நான் பிழைக்கமாட்டேன் போல, அதான் கேக்கறாங்க” என்று இரவு முழுக்கத் தூங்காமல் கிடப்பார். எதன்மேல் நம்பிக்கை என்று சேர்த்துச் சொல்லாமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது.

அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி வகுத்த ‘ஃபிக்கா’ என்ற கேள்விமுறை பரவலாகக் கையாளப்படுகிறது. பற்றுக்கோடு, அது வாழ்வில் வகிக்கும் இடம், துணைநிற்கும் மனிதர்கள், சிகிச்சையில் அதற்காகச் செய்ய வேண்டியவை என்ற நான்கு படிகள் அதில் உண்டு. பேச்சுத் தமிழில் இப்படிக் கேட்கலாம்: “கஷ்டமான நேரத்துல உங்களுக்குத் தெம்பு தர்றது எது?” “இந்த நோய் வந்தப்புறம் அது கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?” “மனசு விட்டுப் பேச யார் இருக்காங்க?” “உங்க வைத்தியத்துல நாங்க இதுக்காக எதையாவது மாத்திக்கணுமா?” பேரப்பிள்ளை, தோட்டம், பாட்டு, தொழில், கடவுள் என எது பதிலாக வந்தாலும் அதைச் சரிபார்க்கவோ திருத்தவோ வேண்டியதில்லை. பெரும்பாலும் கைவிடப்படுவது நான்காவது கேள்வி. அதைக் கேட்காவிட்டால் முந்தைய மூன்றும் வெறும் விசாரிப்பாக நின்றுவிடும். இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ எடுப்பவர் விரதம் இருப்பது அந்தக் கேள்வியில்தான் வெளிவரும். விரதத்தின்போது ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் உடனே விரதத்தை முடித்துக்கொள்ள வேண்டும் என்பதையும், மருந்தின் அளவையும் நேரத்தையும் முன்கூட்டியே மருத்துவரிடம் மாற்றி வாங்க வேண்டும் என்பதையும் அப்போது பேசலாம். “விரதமே கூடாது” என்று ஒரேயடியாக மறுத்தால் சொல்லாமல் இருப்பார். ஆபத்து இன்னும் கூடும்.

“நான் என்ன பாவம் செஞ்சேன்?” “கடவுள் என்னைக் கைவிட்டுட்டார்” என்ற பேச்சைப் புலம்பல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. உளவியலாளர் கென்னத் பார்காமென்டும் உடன் ஆய்வாளர்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கடவுளால் கைவிடப்பட்டதாக எண்ணித் தவித்த முதிய நோயாளிகளிடையே இறப்பு அபாயம் கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே இது மருத்துவத்தின் கவனத்துக்குரிய செய்தி. “எல்லாம் நன்மைக்கே”, “கடவுள் சோதிக்கிறார்”, “தைரியமா இருங்க” ஆகிய மூன்று பதில்களும் வாயை அடைப்பவை. “எனக்கு ஏன்?” என்பவர் விடை தேடிக் கேட்பதில்லை. “இந்தக் கேள்வி எத்தனை நாளா மனசுல ஓடுது?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மௌனம் அரை நிமிடம் நீண்டாலும் அதை நிரப்ப முயல வேண்டாம்.

கவனமாகப் பிரித்தறிய வேண்டிய இடம் ஒன்று உண்டு. மனந்தளர்வும் மனச்சோர்வும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். மனந்தளர்ந்தவர் “இனி என்னால எதுவும் ஆகாது” என்பார். ஆனால் பிடித்தவர் வந்து பேசினால் அந்தக் கணத்தில் முகம் மலரும். மனச்சோர்வு நோய் உள்ளவருக்கு அந்த மலர்ச்சியும் வற்றிப்போகும். முன்னவருக்குப் பேச்சும் உடனிருப்பும், செய்யத்தக்க சின்ன வேலையும் பயன் தரும். பின்னவருக்கு அவை போதா, உளமருத்துவம் வேண்டும். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமை, மனம் சோர்ந்து கிடத்தல் என இரண்டைப் பற்றி மட்டும் கேட்கும் பிஎச்க்யூ-2 வினாக்கள் முதற்சல்லடை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 3 அல்லது அதற்கு மேல் என்றால் முழு மதிப்பீடு தேவை. தூக்கமின்மை, அசதி, பசியின்மை ஆகியவை சிறுநீரக நோயிலும் இதய நோயிலும் தாமாகவே வரும். “இது நோயால்தான்” என்று தள்ளிவிடுவதால் மனச்சோர்வு தப்பிவிடுகிறது. நாட்டமின்மை, குற்ற உணர்வு, சாக வேண்டும் என்ற எண்ணம் ஆகியவையே தெளிவான தடயங்கள். அந்த எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேளுங்கள்; கேட்பதால் அது புதிதாகத் தோன்றிவிடாது. ‘ஆம்’ என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். சேர்த்துவைத்த வலி மாத்திரைகளையும் இன்சுலினையும் வேறொருவர் பொறுப்பில் வைத்துவிட்டு அன்றே மருத்துவரிடம் கொண்டுசேர்க்க வேண்டும். இந்தக் கட்டத்தில் ஆன்மநலப் பேச்சு மருத்துவத்தோடு சேர்ந்து நடக்கலாம், அதற்குப் பதிலாக நடக்கக் கூடாது.

பயிற்சிகளிலும் இதே கவனம் வேண்டும். மூச்சைக் கவனிக்கும் தியானம் பலருக்கு அமைதி தரும்; நாட்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவருக்கோ மூச்சில் கவனம் குவிந்ததும் திணறலும் பீதியும் கூடலாம். மூச்சை அடக்கச் சொல்லவே கூடாது. கவனத்தை உள்ளங்கைத் தொடுகைக்கோ ஒரு மெல்லிய ஒலிக்கோ மாற்றி, ஐந்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நோயாளியின் குறிப்பேட்டில் சமயத்தின் பெயரை மட்டும் எழுதினால் அதனால் யாருக்கும் பயனில்லை. “தெம்பு: மகளோடு தினமும் பேசுவது. மாலை 6 மணிக்குத் தனிமை கேட்கிறார். தண்டனை என்ற எண்ணம் உண்டு” என்று எழுதினால் அடுத்த முறைப்பணிக்கு வருபவருக்குக் கைகொடுக்கும். அந்தரங்கமாகச் சொன்னதை அவர் ஒப்புதலின்றி எழுதக் கூடாது. ஒருமுறை கேட்டதோடு விட்டுவிடாமல், டயாலிசிஸ் தொடங்கும்போதும், மருத்துவமனையில் மீண்டும் சேரும்போதும், வேலையை இழக்கும்போதும், கவனித்துக்கொள்பவரே படுத்துவிடும்போதும் திரும்பக் கேட்க வேண்டும். அந்தக் கவனிப்பாளரை வள்ளுவர் ‘உழைச்செல்வான்’ என்று மருத்துவத்தின் நான்கு கூறுகளில் ஒருவராக வைத்தார். ‘உழை’ என்றால் பக்கம். பக்கத்தில் இருப்பவர் என்று பொருள். மேலே சொன்ன கேள்விகளை அவரிடமும், நோயாளி இல்லாத இடத்தில், தனியாகக் கேட்பது நல்லது.