சிவப்பாக மாறாத தேதி

"வேலைகளைத் திட்டமிட எந்த ஆப் நல்லது?" என்று பயிற்சிக்கு வருபவர்கள் கேட்டால், எக்ஸெல்லே போதும் என்பேன். கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் என்று கையில் இருப்பது எதுவானாலும் சரி. சொன்ன கையோடு இன்னொன்றும் சொல்வேன்: ஷீட்டை நம்புவதற்கு முன் அதில் உள்ள தேதிகளைச் சோதித்துப் பாருங்கள்.

கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஒருவர் தனக்கென்று ஒரு ஷீட் தயாரித்து வைத்திருந்தார். வேலை, கெடு, நிலை என்று மூன்றே நெடுவரிசைகள். கெடு தாண்டிய வரி சிவப்பாக மாறும்படி கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கும் (நிபந்தனைக்கு ஏற்ப நிறம் மாற்றும் வசதி) போட்டிருந்தார். ஆனால் ஜூலை 8 அன்று கொடுக்க வேண்டிய அறிக்கை தவறிப்போனது. ஜூலை 25 அன்று முடிக்க வேண்டிய இன்னொன்றும் தவறியது. இரண்டு வரிகளும் கடைசிவரை வெள்ளையாகவே இருந்தன. "ஃபார்முலா தப்பா?" என்று கேட்டார். ஃபார்முலாவில் ஒரு குறையும் இல்லை.

அவர் அடித்தது 08/07/2025. அவருடைய கணினியோ மாதத்தை முதலில் படிக்கும் ரீஜியன் அமைப்பில் (நாட்டுக்கேற்ற தேதி முறையைத் தீர்மானிக்கும் அமைப்பு) இருந்தது. எக்ஸெல் தேதியை உள்ளே ஒரு எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது. 1900 ஜனவரி 1 என்றால் 1, அங்கிருந்து நாளுக்கு ஒன்றாகக் கூடும். 2025 ஜூலை 8-க்கு உரிய எண் 45846. அவருடைய கட்டத்துக்குள் இருந்ததோ 45876, அதாவது ஆகஸ்ட் 7. கெடு சத்தமில்லாமல் 30 நாள் தள்ளிப்போய்விட்டது.

25/07/2025-இன் கதை வேறு. 25-ஆவது மாதம் கிடையாது. அதனால் எக்ஸெல் அதைத் தேதியாகவே ஏற்கவில்லை, வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிடச் சொன்னால் எக்ஸெல்லுக்கு எப்போதும் எழுத்துதான் பெரியது. 'கெடு இன்றைய தேதியைவிடச் சிறியதா?' என்ற கேள்விக்கு அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று பதில் வரவே வராது. பத்து வருடம் கழித்துத் திறந்தாலும் அந்த வரி சிவக்காது.

இதைக் கண்டுபிடிக்கத் திரையிலேயே இரண்டு தடயங்கள் உண்டு. தேதியாக ஏற்கப்பட்டது கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். இவர் அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் வைத்திருந்தார், அந்தத் தடயம் போய்விட்டது. இரண்டாவது, மாதம் முதலில் வரும் அமைப்பில் 08/07/2025 என்று அடித்தால் பெரும்பாலும் 8/7/2025 என்று முன்பூஜ்யங்கள் மறைந்துவிடும். 25/07/2025 மட்டும் அடித்தபடியே இருக்கும். தேதி நெடுவரிசையை நடுவில் வைக்காதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

சரி, தடுப்பது எப்படி? ரீஜியன் அமைப்பை முதலில் சரிபாருங்கள். பிறகு கெடு நெடுவரிசைக்கு மாதத்தின் பெயர் தெரியும் ஃபார்மேட்டைக் கொடுங்கள். ஜூலை என்று அடித்தது ஆகஸ்ட் என்று தெரிந்தால் கண்ணில் பட்டுவிடும். டேட்டா வேலிடேஷனில் தேதி மட்டும் என்று வைத்துவிட்டால், எழுத்தாக மாறும் பதிவை அடிக்கும்போதே மறுத்துவிடும். வேறு இடத்திலிருந்து காப்பி செய்து ஒட்டினால் மட்டும் அந்தக் காவல் வேலை செய்யாது, அதையும் நினைவில் வையுங்கள்.

தேதி சரியானாலும், கெடுவை மட்டும் காட்டும் ஷீட் பாதி உதவிதான் செய்யும். சிவப்பு வரும்போது காலம் கடந்திருக்கும். எந்த நாளில் கையை வைக்க வேண்டும் என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது. அதற்கு, வேலைக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். வேலை நாட்களை மட்டும் எண்ணும் வொர்க்டே (WORKDAY) ஃபங்ஷனில் கெடுவையும், நாட்களை மைனஸ் குறியோடும் கொடுத்தால் தொடங்க வேண்டிய நாள் வரும். கெடு வெள்ளிக்கிழமை, வேலை 4 நாள் என்றால் திங்கள் என்று சொல்லும். அது சனி, ஞாயிறு இரண்டையும் விடுமுறையாகக் கழித்துவிடும். சனிக்கிழமையும் வேலை உள்ளவர்கள் வொர்க்டே இன்டர்நேஷனல் (WORKDAY.INTL) வகையில் வார விடுமுறைக்கு 11 என்று கொடுத்தால் ஞாயிறு மட்டும் கழியும். மற்ற விடுமுறைகளைத் தனியாகப் பட்டியலிட்டு அதையும் கொடுக்கலாம்.

நாட்களை எவ்வளவு என்று போடுவது? முதலில் தோன்றும் எண்ணை நம்பாதீர்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்பு ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாள் போதும் என்று மாணவர்கள் கணித்தார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். நினைத்தது, ஆனது என்று இரண்டு நெடுவரிசைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். சில வாரங்களில் உங்களுக்கே உரிய விகிதம் தெரிந்துவிடும். ஷீட்டில் என்னைக் கேட்டால் மிகப் பயனுள்ள இடம் அதுதான், பலர் நிரப்பாமல் விடுவதும் அதுதான்.

அப்புறம், முடித்த தேதிக்கு, திறக்கும் நாளின் தேதியைக் காட்டும் டுடே (TODAY) ஃபங்ஷனைப் போடாதீர்கள். நாளைக்குத் திறந்தால் எல்லாம் நாளைய தேதியாகிவிடும். கண்ட்ரோலும் செமிகோலனும் சேர்த்து அழுத்துங்கள், அன்றைய தேதி நிலையாகப் பதிவாகும். ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்துவதும் (Sort) ஆபத்து. ஒரு வேலையின் கெடு இன்னொரு வேலைக்குப் போய்விடும். முழுவதையும் டேபிளாக மாற்றிவிட்டால் அந்தப் பயம் இல்லை.

ஷீட் தயாரானதும் உண்மையான வேலைகளை ஏற்றுவதற்கு முன் நான்கு பொய் வேலைகளை ஏற்றுங்கள். ஒன்றின் கெடு நேற்று, ஒன்று இன்று, ஒன்று நாளை, நான்காவது போன மாதம் 25-ஆம் தேதி. நேற்றைய வரியும் 25-ஆம் தேதி வரியும் சிவக்க வேண்டும், மற்ற இரண்டும் சிவக்கக் கூடாது. அப்படி வந்தால் அந்த நான்கையும் அழித்துவிட்டு உங்கள் முதல் வேலையை எழுதுங்கள்.