வருகைப் பதிவில் போட்ட கையெழுத்து

சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை, கோலாலம்பூரில் உள்ள என் அலுவலகத்துக்குத் தெமுவான் என்ற பூர்வகுடி மக்கள் நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் கம்பத்து (கிராமத்து)த் தலைவர், அவர்கள் வழக்கில் தோக் பாத்தின். பிளாஸ்டிக் பையிலிருந்து சில தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். அவர்கள் காட்டோரம் வரவிருந்த ஒரு திட்டத்துக்கான சுற்றுச்சூழல் அறிக்கையின் நகல் அது. கம்பத்து மக்கள் திட்டத்துக்கு ஒப்புதல் தந்துவிட்டதாக அதில் எழுதியிருந்தது. பின்னிணைப்பில் வரிசையாகக் கையெழுத்துகள்.

"கையெழுத்து எங்களுடையதுதான். அன்றைக்கு நாசி லெமாக் பொட்டலம் கொடுத்தார்கள். வாங்குகிறவர்கள் பெயர் எழுதச் சொன்னார்கள்" என்றார்.

சிரிப்பு வந்தது. அப்புறம் வயிற்றைக் கலக்கியது. பூர்வகுடிகளின் நில உரிமைத் துறையில் நான் பார்த்த வழக்குகளில் பாதி, இப்படி ஒரு தாளில் தொடங்கியவைதான்.

2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை, பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை நிறைவேற்றியது. ஆதரித்த 144 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. அந்த மக்களின் நிலத்தைப் பாதிக்கும் எந்தத் திட்டத்துக்கும் அனுமதி கொடுக்குமுன், அவர்களுடைய சம்மதத்தைப் பெறுவதற்காக அரசு நல்லெண்ணத்தோடு கலந்து பேச வேண்டும் என்கிறது அதன் 32ஆவது பிரிவு. எப்படிப்பட்ட சம்மதம்? நிர்ப்பந்தம் இல்லாமல், முன்கூட்டியே, விவரம் தெரிந்து கொடுக்கிற சம்மதம். சாப்பாட்டுப் பொட்டலத்துக்குப் போட்ட கையெழுத்து இந்த மூன்றில் எதிலும் சேராது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு மூன்று வருடம் முன்பே இதற்கான வழிமுறை நம் ஊரில்தான் ஏற்கப்பட்டது. உயிரினங்களின் பன்மையைக் காக்கும் உயிர்ப்பன்மய உடன்படிக்கை நாடுகளின் ஏழாவது மாநாடு 2004 பிப்ரவரியில் கோலாலம்பூரில் நடந்தது. பூர்வகுடிகளின் நிலத்திலோ நீர்நிலையிலோ புனித இடத்திலோ ஒரு திட்டம் வந்தால், பண்பாடு, சுற்றுச்சூழல், சமூகம் மூன்றின் மீதும் அதன் பாதிப்பை எப்படி மதிப்பிட வேண்டும் என்ற வழிகாட்டி அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் பெயர் 'அக்வே கோன்'. மோஹாக் மொழியில் 'படைப்பில் உள்ள எல்லாமும்' என்று பொருள். கனடா, அமெரிக்கப் பகுதிகளில் வாழும் ஒரு பூர்வகுடியின் சொல் நம் தலைநகரில் உலக ஆவணமானது. ஆனால் இங்கிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் கம்பத்தில் யாருக்கும் அதைத் தெரியாது. அறிக்கை எழுதிய ஆலோசகருக்கும் தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சரி, இவற்றைக் காட்டி நேராக நீதிமன்றத்தில் ஜெயிக்கலாமா? முடியாது. பிரகடனம் ஒப்பந்தம் அல்ல, வழிகாட்டியும் கட்டாயமல்ல. பூர்வகுடிகளுக்கான, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) 169ஆம் உடன்படிக்கையில் மலேசியா சேரவே இல்லை. மேலும், நாடாளுமன்றம் சட்டமாக்காத வரை சர்வதேச ஒப்பந்தம் இங்கே தானாகச் சட்டமாகாது. அவை வாதத்துக்குப் பலம் சேர்க்கும். வாதம் நிற்க வேண்டியது உள்ளூர் மண்ணில்.

உறவினர் ஒருவர் ஒருநாள் கேட்டார்: "ஏங்க, அவங்ககிட்ட கிராண்ட், அதான் நிலப் பத்திரம், இல்லையே. அப்புறம் எப்படி அவங்க நிலம்?" தோட்ட லயத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் கேட்ட கேள்வி இது! பதில் சிலாங்கூரில் உள்ள டெங்கிலில் இருக்கிறது. 1995இல் விமான நிலையத்துக்கான நெடுஞ்சாலைக்காக, கம்போங் புக்கிட் தம்போயில் தெமுவான் மக்களின் நிலம் எடுக்கப்பட்டது. மரத்துக்கும் பயிருக்கும் வீட்டுக்கும் மட்டும் காசு, நிலத்துக்கு இல்லை. சாகோங் தாசியும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 2002இல் உயர்நீதிமன்றம் வழிவழியாக வந்த உரிமை நிலத்தின் மீதான உரிமையே என்றது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீராம். 1954ஆம் ஆண்டுப் பூர்வகுடிச் சட்டத்தை சொத்துரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் 13ஆம் பிரிவோடு சேர்த்து வாசித்து, போதுமான இழப்பீடு தரவேண்டும் என்றார். விவகாரம் 2010இல்தான் 65 லட்சம் ரிங்கிட் சமரசத்தில் முடிந்தது. பதினைந்து வருடம்.

அவ்வளவு காலம் இழுத்த வழக்கில் தூக்கி நிறுத்தியவை கிராண்டும் முத்திரையும் அல்ல. தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தார்கள் என்பதற்கான சாட்சியம்தான். அதனால்தான் என்னிடம் வருபவர்களிடம் முதலில் பத்திரம் கேட்பதில்லை, தாத்தாவின் கல்லறை எங்கே என்று கேட்கிறேன். எந்த டுரியான் மரத்தை யார் நட்டார், ஓடைக்கு அவர்கள் மொழியில் என்ன பெயர், வேட்டைக்கும் பிரம்புக்கும் எதுவரை போவார்கள்? இளைஞர்கள் கைப்பேசியில் இடத்தைக் குறித்து, படம் எடுத்து, பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. பெரியவர் இறந்த பிறகு வந்தால் நான் என்ன செய்ய?

இன்னொன்று, நாள் கணக்கு. அரசின் முடிவை எதிர்த்து நீதிமன்ற மறுஆய்வு கோர 3 மாதம்தான் அவகாசம். கம்பத்துக்கு அறிவிப்பு எப்போது வந்தது என்பதை அன்றைக்கே எழுதி வைக்கச் சொல்வேன். 2015ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு ஆணையின் இரண்டாம் அட்டவணைத் திட்டங்கள் என்றால், அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வரும். யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். நீங்களும் நானும்கூட. ஆலோசனை நிறுவனங்களில் வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறீர்கள். வருகைப் பதிவைச் 'சம்மதம்' என்ற தலைப்பில் ஒட்டச் சொன்னால், தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

அந்தக் கம்பத்தில் அடுத்த கூட்டம் நடந்தபோது நானும் போயிருந்தேன். தாள் சுற்றி வந்தது, பொட்டலமும் வந்தது. தோக் பாத்தினின் மகள் பேனாவை வாங்கி, தாளின் மேலே பெரிய எழுத்தில் மலாயில் எழுதினாள்: "ஹாடிர் சஹாஜா, பெலும் செத்துஜு." வந்திருக்கிறோம், அவ்வளவுதான், இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அதன் கீழே எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.